ஒன்பதாம் வகுப்பின் ஸ்ருதி

ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு 'ம்ம்ம்...' என்கிறாள் ஜீவா. முத்தாபுதுப்பேட்டையில் ஏறியதிலிருந்து இதே 'ம்ம்ம்'தான். பக்கத்தில் பூக்கூடையோடு இருக்கும் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னாமே, அவன் பேசிகினே கீறான், நீயும் கேட்டுகினே கீறே? வச்சுட்டு வேலயப் பாரு" என்கிறாள். அந்தப் பக்கம் எவனும் இல்லை. தம்புரா செயலிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜீவா விளக்கம் சொல்வதில்லை. "வுடமாட்றான்க்கா" என்று சிரித்துவிட்டு மறுபடி ஸ்ருதியைப் பிடித்துக்கொள்கிறாள்.

திருமுல்லைவாயிலில் ஆண்கள் பள்ளி ஒன்றில் அவள் பாட்டு டீச்சர். பல்கலைக்கழகத்தில் இசையில் எம்.ஏ. அப்பா சின்னசாமி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். "பாட்டுக்குக்கூடவா காலேஜ் கீது?" என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தபோது, "வக்கீலுக்கு கீதுல்ல, பாட்டுக்கு இருக்கக்கூடாதா?" என்று அடக்கியவர். படித்து முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கூடப் படித்த ரேஷ்மா ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்கிறாள். வரதன் கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிக்கிறான். இன்னொருத்தி அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கணினி வழியே சரளி வரிசை சொல்லிக்கொடுத்து, ஆவடியில் ஃபிளாட்டே வாங்கிவிட்டாள். ஜீவாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே பள்ளிக்கூடம்தான். தங்களுக்குப் பாடவே வராது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அங்கேதான் கூட்டமாகக் கிடைப்பார்கள் என்பாள்.

கோபம் மூக்கின் மேல் நிற்கும். சுத்தத் தமிழில் தொடங்கும் பாடம், பின்வரிசையில் யாராவது சிரித்தால் போதும், வீட்டுத் தமிழுக்கு இறங்கிவிடும். "இன்னாடா இளிப்பு? தொண்டைல தவளையா கீது?"

தவளைதான் இருந்தது. காலை வழிபாட்டில் வாரம் ஒரு வகுப்பு மைக் முன்னால் நின்று பாட வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் முறை வந்தால் ஜீவாவின் குரல் மட்டும் கேட்கும். பையன்கள் வாயை அசைப்பார்கள். திமிர் என்றார்கள் மற்ற ஆசிரியர்கள். அவளும் அப்படித்தான் நினைத்துத் திட்டித் தீர்த்தாள். ஒரு நாள் பாபு என்கிற பையன், "மேல போனா கீச்சுனு வருது மிஸ், ஆறாங்கிளாஸ் பசங்கல்லாம் சிரிக்கிறானுங்க" என்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைகிற வயசுப் பிள்ளைகளைத் தன்னுடைய பெண் குரலுக்கான ஐந்து கட்டை ஸ்ருதிக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றே ஸ்ருதியை ஐந்திலிருந்து ஒரு கட்டைக்கு இறக்கினாள். பையன்களுக்குக் குரல் வந்தது. அவளுக்குப் போய்விட்டது. பாட்டு கீழே இறங்கும் இடங்களிலெல்லாம் அவள் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வரும்.

இந்த நிலையில்தான் தாளாளர் வீரராகவனுக்கு ஒரு யோசனை பிறந்தது. பாட்டு வகுப்பை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிட்டால் என்ன? திங்கட்கிழமை வழிபாட்டுக்கு வந்து, டீச்சர் பாடுவதைக் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லி அனுப்பினார். அது ஒன்பதாம் வகுப்பின் வாரம்.

தலைமையாசிரியை சுலோசனாவுக்கு ஜீவாவின் மேல் பிரியம் உண்டு. "அவருக்கு ஸ்ருதியெல்லாம் தெரியாதும்மா. உன் குரல் கணீர்னு கேட்கணும், அவ்வளவுதான். உன் கட்டையிலயே பாடிடு. பசங்க ஒரு நாள் வாயசைச்சா ஒண்ணும் குறைஞ்சிடாது" என்றார். ஜீவாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இந்த வேலை போனால், அப்பாவின் கம்பெனி அலுவலகத்தில் எந்தப் பட்டம் படித்தவரையும் உட்காரவைக்கிற நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தால் பாட்டு அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தாளாளர் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் கண் ஜீவாவின் வாயை விட்டு நகரவில்லை. சுலோசனா தூரத்திலிருந்து தலையை ஆட்டி, 'ம், பாடு' என்று ஜாடை காட்டினார்.

"எந்த ஸ்ருதி மிஸ்?" பின்னாலிருந்து பாபு மெதுவாகக் கேட்டான்.

"நம்ம ஸ்ருதிதான்டா. ஒரு கட்டை."

சொல்லிவிட்டு, தன் வாய்க்கு நேராக இருந்த மைக்கைப் பிடித்துப் பையன்கள் பக்கம் திருப்பி வைத்தாள். ஓரமாக ஒதுங்கி நின்று, தொடையில் தாளம் போடத் தொடங்கினாள்.