கூரை கழற்றக் கேட்ட கடிதம்

பிள்ளைகளே, அக்கராயனில் நாங்கள் ஏன் அஞ்சு வருஷம் பின்பக்கச் சமையல் குசினிக்குள்ளேயே சீவித்தோம் என்று அடிக்கடி கேட்பீர்கள். முன்வீட்டை ஒரு அரசாங்கக் கந்தோருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். சமாதானப் பேச்சுக் காலத்தில் கண்டிப் பாதை திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி ஒரு அதிகாரி வந்தார். சுவரைத் தட்டினார், யன்னல்களைத் திறந்து மூடினார், "நல்ல காத்தோட்டம், கரண்ட் இல்லாட்டிலும் சமாளிக்கலாம்" என்று எழுதிக்கொண்டு போனார். பிறகு ஒப்பந்தம் வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன். கந்தோரின் அனுமதி எழுத்தில் இல்லாமல் கட்டிடத்தில் ஒன்றையும் நான் கழற்றக்கூடாது என்ற வரி எனக்கு மனப்பாடம்.

2008இல் சண்டை கிட்ட வந்தது. கந்தோர்க்காரர் ஒரு மத்தியானம் அவசரமாகக் கண்டாவளைக்கு வெளிக்கிட்டார்கள். மேசை கதிரைகள் வாகனத்தில் ஏறின, இரண்டு இரும்பு அலுமாரிகளுக்கு இடம் போதாமல் அவை முன்வீட்டிலேயே நின்றுவிட்டன. ஊரும் வெளிக்கிடத் தொடங்கியது. எங்கட சனம் இடம்பெயர்ந்தால் கூரையையும் கழற்றிக்கொண்டுதான் போகும். போற இடத்தில் தடி வெட்டலாம், தகரத்துக்கு எங்கே போவது? மழைக்காலம் வேறு வரப்போகிறது. வீட்டுக்கு வீடு சுத்தியல் சத்தம். எங்கள் கூரை மட்டும் அசையாமல் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் கூரை முகட்டில் இருந்தபடி கேட்டார்.

"என்ன அண்ணை, பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"கந்தோரிட்ட இருந்து கடிதம் எடுக்கவேணும், தம்பி."

"கடிதமோ? ஷெல் வரேக்கையும் கடிதம் இருக்கோ எண்டு கேட்டுப் பாருங்கோவன்!"

உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்கட ஒப்பந்தத்தை விரிச்சுப் பிள்ளையளின்ர தலைக்கு மேல பிடியுங்கோ, மழை நனைக்காது" என்றா.

நேர்மை என்று நினைக்காதீர்கள். பயம். திரும்பி வரும்போது அரசாங்கக் கட்டிடத்தை உடைத்தவன் என்று வழக்கு வந்தால்? இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மூன்றாம் நாள் விடியச் சைக்கிளை எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் வெடிச்சத்தம். நான் திரும்பி வருவதற்குள் ஊர் வெளிக்கிட்டால் உங்களை எங்கே தேடுவது என்று நினைக்க நினைக்க, இன்னும் இறுக்கி மிதித்தேன்.

கண்டாவளையில் ஒரு மாமரத்துக்குக் கீழே கந்தோர் நடந்தது. கந்தோர்ப் பொறுப்பிலிருந்த மிஸ் என்னைக் கண்டதும் எழும்பிவிட்டா.

"கூரை கழட்ட ஒரு கடிதம் வேணும், மிஸ்."

"நீங்கள் இன்னும் கழட்டேல்லையோ, ஐயா?"

"கடிதம் இல்லாமல் எப்பிடி?"

அவா முகத்தைக் கையால் பொத்திக்கொண்டா. அழுகிறாவோ என்று பயந்துபோனேன். "காணிப் பதிவு முழுக்க அந்த அலுமாரியளுக்கதான் கிடக்கு. எல்லாரும் கூரை கழட்டுகினம் எண்டு கேள்விப்பட்டன். நனைஞ்சு கூழாகப் போகுதெண்டு மூண்டு நாளா நித்திரை இல்லை."

உடனே கடிதம் எழுதினா. கூரையைக் கழற்றலாம், அலுமாரிகளையும் அதோடு கொண்டுவரவேண்டும்.

"முத்திரை, மிஸ்?" என்றேன்.

"ஐயோ ஐயா!" என்றா. ஆனாலும் முத்திரை கிடைக்கும்வரை மூன்று பெட்டிகளை அவிழ்த்தார்கள்.

நான் திரும்பி வர ஊர் பாதி வெறுமை. நீங்கள் மூட்டைகளுக்கு மேல் இருந்தீர்கள். உங்களைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போகாமல் நின்று, தகரம் கழற்றக் கை தந்தார். "கடிதத்தைக் காட்டுங்கோ, இல்லாட்டித் தொடமாட்டன்" என்று அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் தகரமும் அலுமாரியும் ஏறின. எங்கள் கட்டில் ஏறவில்லை. அம்மா அதன் மேல் கிடந்த பாயை மட்டும் சுருட்டிக்கொண்டா.

கண்டாவளையில் தடி நட்டு ஒரே கொட்டிலாகப் போட்டோம். முன்பாதியில் அலுமாரிகளும் கந்தோரும், பின்பாதியில் நாங்கள். "ஒப்பந்தம் முடிய இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு, ஐயா" என்று மிஸ் பெயர்ப்பலகையை முன்தடியில் கட்டுவித்தா.

அன்று பின்னேரமே மழை பிடித்தது. பழைய ஆணி ஓட்டைகளால் ஒழுகியது. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு அலுமாரிப் பக்கம் ஓடினேன்.

"இஞ்சையும் நாங்கள் குசினிப் பக்கம்தானோ?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டா.

நான் சட்டியோடு இரண்டு பாதிக்கும் நடுவில் நின்றேன்.