ஆட்டுக்குப் போடும் சத்தம்

அந்த ஆள் என்னை ஆட்டுக்குப் போடும் சத்தத்தால் கூப்பிட்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் வீம்புக்காரி என்று நினைப்பீர்கள். வீம்புக்காரிதான். ஆனால் காரணம் இருந்தது.

நான் பலெர்மோவுக்கு வந்து நாலாவது வருடம். அல்பெர்கேரியாவில் ஓர் அறையில் மன்னார்ப் பிள்ளை ஒருத்தியோடு இருந்தேன். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், இத்தாலியன் நன்றாகப் பேசுவாள். நான் வன்னி. எனக்கு வீட்டு வேலைக்குத் தேவையான சொற்கள் மட்டும் வரும். நான் பார்த்துக்கொண்டிருந்த கிழட்டுச் சிஞ்ஞோரா அந்த வருடம் ஈஸ்டருக்குப் பிறகு செத்துப்போனாள். அவளோடு என் வேலையும் போயிற்று. பெர்மெசோ, அதுதான் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிக் கடதாசி, அதைப் புதுப்பிக்க குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் செப்டெம்பரில் நாள் கொடுத்திருந்தார்கள். வேலை ஒப்பந்தம் இல்லாமல் அங்கே போனால் என்ன சொல்வார்கள் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

சிஞ்ஞோராவின் அண்ணன் மகனுக்கு நகரத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் முப்பத்தாறு ஆடுகள் இருந்தன. பத்ரோனே, முதலாளி, என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். அவனுடைய ஆட்டுக்காரன் பாறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். ஊரில் மாடும் ஆடும் வைத்திருந்தேன் என்று செத்த சிஞ்ஞோரா எப்போதோ சொல்லியிருக்கிறாள். பத்ரோனே என்னைத் தேடி வந்தான். ஆகஸ்ட் முடியும்வரை ஆடுகளைப் பார், ஒழுங்காகப் பார்த்தால் ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்றான். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆட்டுக்காரனுக்கு ஐம்பது வயதிருக்கும். கால் முழங்கால்வரை மாவுக்கட்டு. ஆனாலும் தினமும் மகள் காரில் கொண்டுவந்து, பட்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலின் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இறக்கிவிட்டுப் போவாள். அங்கே இருந்து நான் செய்வதெல்லாம் பிழை என்று சொல்வதுதான் அவன் வேலை. ஆடுகளைக் கூப்பிட அவனிடம் ஒரு சத்தம் இருந்தது. இரண்டு உதட்டையும் ஒட்டி 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டு, கடைசியில் தொண்டையால் 'தேஏஏ' என்று இழுப்பான். மலையில் எங்கே நின்றாலும் ஆடுகள் தலையைத் தூக்கும். பிறகு இறங்கி வரும். கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள் அவனுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. நான் பட்டிக்குள் புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பி 'ப்ர்ர்ர், தேஏஏ' என்றான். ஆடுகளும் பார்த்தன, நானும் பார்த்தேன். அவன் பல்லைக் காட்டினான். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான்.

அந்தச் சத்தம் என் வாயில் வராது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். என்னிடம் என் சத்தம் இருந்தது. வன்னியில் எங்கள் ஊரில் எல்லாருடைய மாடும் ஆடும் ஒரே காட்டில்தான் மேயும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிச் சத்தம். எங்கள் வீட்டில் ஆட்டுக்கு 'ப்பே, ப்பே, ப்பேய்' என்று மூன்றாவதை மட்டும் உயர்த்துவோம். பக்கத்து வீட்டில் நாக்கைச் சொடுக்குவார்கள். துரத்துவதற்கு மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே 'ஹை'தான்.

பல்லரோ சந்தையில் கடை கட்டும் நேரம் வத்தகப்பழத் தோலும் வாடின கீரையும் பொறுக்கி, இரண்டு பையில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோவேன். தோலை எறிந்து 'ப்பே, ப்பே, ப்பேய்' என்பேன். இரண்டு வாரத்தில் ஒன்பது ஆடுகள் என் சத்தத்துக்கு வந்தன. மிச்சம் இருபத்தேழும் அவன் வாயைத்தான் பார்த்தன.

அறைத்தோழிக்கு இது பெரிய பகிடி.

"என்னக்கா, எத்தினை ஆடு தமிழ் படிச்சிட்டுது?"

"ஒன்பது."

"செப்டெம்பருக்குள்ள சோதினை பாஸ் பண்ணுமோ? உங்கட பெர்மெசோவும் அதுகளோடதானே கிடக்கு."

"உன்ர வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு."

ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது ஞாயிறு. சிரோக்கோ அடித்தது. அது தெற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று, மலையைத் தாண்டி இறங்கும்போது அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். ஆட்டுக்காரனை மகள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். மன்னார்ப் பிள்ளை பூசை முடிந்து அதே சட்டையோடும் குதிச்செருப்போடும் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது மலை மேட்டுக்கு அப்பால் புகை தெரிந்தது. முதலில் வெள்ளையாக, பிறகு மண்ணிறமாக. சாம்பல் வந்து சோற்றுப் பெட்டியில் விழுந்தது.

நான் யோசிக்கவில்லை. என் கை என்னை யோசிக்க விடவில்லை என்று சொல்வதுதான் சரி. வன்னியில் ஷெல் கிட்ட விழத் தொடங்கினால் முதல் வேலை கயிற்றை அறுப்பது. கட்டினபடி விட்டுப்போனால் மாடு நின்ற இடத்திலேயே சாகும். அவிழ்த்துவிட்டால் அதன் பாட்டுக்கு எங்கேயாவது பிழைக்கும். எங்கள் மாடுகளை நான் அப்படித்தான் அவிழ்த்துவிட்டேன். அவை போகவில்லை, எங்களுக்குப் பின்னாலேயே வந்தன. 'ஹை' என்று கத்திக் கத்திக் கல்லால் எறிந்து துரத்தினேன்.

பட்டியில் ஓர் ஆடு மட்டும்தான் கட்டி நின்றது. கொம்பு உடைந்த வெள்ளை, வயிற்றில் குட்டி, மற்ற ஆடுகள் முட்டும் என்று ஆட்டுக்காரன் தனியாகக் கட்டச் சொல்லியிருந்தான். அதன் கயிற்றைத்தான் முதலில் அறுத்தேன். படலைத் திறந்தேன். 'ஹை, ஹை' என்று கத்தினேன். போகாமல் நின்றவற்றுக்குக் கல்லால் எறிந்தேன். முப்பத்தாறும் வெளியே பாய்ந்தன. தினமும் போகும் பாதை அவற்றுக்குத் தெரியும். மேலே போகும் பாதை. புகை இருந்த பக்கம்.

மன்னார்ப் பிள்ளை பத்ரோனேயுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பட்டியைத் திறக்கவே வேண்டாமாம். சுத்திவரக் கல்லு மதில்தானாம், உள்ளுக்க எரியிறதுக்கு ஒண்டும் இல்லையாம். தண்ணித் தொட்டியும் இருக்காம். உள்ளுக்க நிண்டா ஒண்டும் நடக்காதாம்."

நான் பட்டியைப் பார்த்தேன். வெறும் மண், கல் மதில், தொட்டி. இரண்டு வாரமாக நான்தான் அதைக் கூட்டினேன், புல் ஒன்று இல்லாமல்.

"எவ்வளவு நேரத்தில வாறானாம்?"

"அரை மணித்தியாலம். நெருப்பு அணைக்கிறவைக்கும் சொல்லிப்போட்டானாம். திறந்துபோட்டம் எண்டு நான் சொல்லேல்லை, அக்கா."

நான் பாதையில் ஏறி 'ப்பே, ப்பே, ப்பேய்' என்று கூப்பிட்டேன். குரல் உடைந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். என் ஒன்பதில் ஆறு வந்தன. வத்தகப்பழத் தோல் இல்லை என்று கண்டதும் இரண்டு திரும்பிப்போயின. மற்றவை மேட்டில் குழம்பி நின்றன. சற்று முன்பு கல்லால் எறிந்தவள் இப்போது வா என்றால் எந்த ஆடு வரும்? மேட்டுக்கு மேலே காய்ந்த புல்லில் நெருப்பு தெரிந்தது. ஓர் ஆள் உயரம்கூட இல்லை, ஆனால் ஓடியது.

"அக்கா, அவன்ர சத்தத்தைப் போடுங்கோ."

"மாட்டன்."

"உங்களுக்கு விசரே? அதுகள் எரியப்போகுது. செப்டெம்பரில குவெஸ்தூராவில போய் என்னத்தைக் காட்டப்போறியள், உங்கட ரோசத்தையோ?"

"நீ போடு, பாப்பம்."

அவள் போட்டாள். உதட்டிலிருந்து எச்சில் தெறித்ததே தவிர ஒன்றும் வரவில்லை. வேறு நேரமென்றால் சிரித்திருப்போம்.

நான் போட்டேன். இரண்டு வாரமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குள் எரிந்ததில் அதன் ஏற்ற இறக்கம் முழுவதும் பாடமாகியிருந்தது. 'ப்ர்ர்ர், தேஏஏ.' முதல் தடவையே தலைகள் தூக்கின. இரண்டாவது தடவை மணி கட்டின கிழட்டு ஆடு இறங்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் மற்றவை. நான் நிறுத்தவில்லை. உதடு மரத்துப்போகும்வரை போட்டேன். புகையில் கண் எரிந்தது. மன்னார்ப் பிள்ளை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படலில் நின்று எண்ணினாள்.

முப்பத்தைந்து. வெள்ளை வரவில்லை.

அதற்காக மறுபடியும் ஏறினேன். நெருப்பு பாதையைக் கடந்துவிட்டது. திரும்பி வந்து படலைச் சாத்தினேன். நெருப்பு மதில்வரை வந்தது. பத்ரோனே சொன்ன மாதிரியே பட்டிக்குள் வர அதற்கு வழி இல்லை. ஆடுகள் தொட்டிப் பக்கம் ஒட்டி நின்று இருமின. நாங்களும் அவற்றோடு நின்று இருமினோம்.

பத்ரோனே வந்தபோது தண்ணீர் வண்டியும் வந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் ஆட்டுக்காரனின் மகளுடைய கார். ஆட்டுக்காரன் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிப் பட்டிக்கு வந்தான். எண்ணவே இல்லை, ஒரு தடவை பார்த்ததுமே கேட்டான், வெள்ளை எங்கே என்று. மதிலில் அறுத்த கயிறு தொங்கியது.

மன்னார்ப் பிள்ளை என் காதுக்குள் சொன்னாள். "காத்துக்குப் படல் திறந்திட்டுது எண்டு சொல்லுறன். கயிறு அதுவா அறுந்ததெண்டு."

"வேண்டாம். நான்தான் அறுத்தனான் எண்டு சொல்லு. ஏன் எண்டும் சொல்லு."

அவள் சொன்னாள். வன்னி, ஷெல், மாடு எல்லாம் சொன்னாள் என்று நினைக்கிறேன். பத்ரோனே மண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு ஏதோ சொன்னான்.

"நீங்கள் திறந்துவிட்டதை நம்புறானாம். திருப்பிக் கூப்பிட்டதை நம்பேல்லையாம். இதுகள் இந்த ஆட்டுக்காரனைத் தவிர ஒருத்தற்ற சொல்லுக்கும் வராதாம். அதுகளா வந்திருக்கும் எண்டுறான்."

ஆட்டுக்காரன் கட்டையால் என்னைச் சுட்டி, கூப்பிடு பார்ப்போம் என்றான். அவன் சிரிக்கவில்லை. வெள்ளை அவனுடைய ஆடு, பத்ரோனே வாங்கினதாக இருந்தாலும்.

இரண்டு ஆம்பிளைகளுக்கு முன்னால், கரி அப்பின முகத்தோடு, அந்தச் சத்தத்தைப் போடுவதா? செப்டெம்பரை நினைத்தேன். போட்டேன். தொட்டிப் பக்கம் நின்ற முப்பத்தைந்தும் திரும்பின. மணி ஆடு நேரே வந்து என் பாவாடையை மோந்தது. ஆட்டுக்காரனும் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்திலேயே மன்னார்ப் பிள்ளையிடம் சொன்னேன். "உவனுக்குச் சொல்லு. இது ஆட்டுக்குப் போடுற சத்தம். இனி என்னைப் பாத்து இதைப் போட்டானெண்டா மற்றக் காலையும் முறிப்பன்."

அவள் பேசினாள். அவன் கேட்டான். தலையை ஒரு தடவை ஆட்டினான்.

"சொன்னியோ?"

"ஓம். காலைப் பற்றி மட்டும் கதைக்கேல்லை."

வெள்ளையை மறுநாள் காலையில் நான்தான் கண்டெடுத்தேன். மேட்டுக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் கிடந்தது. அறுத்த கயிற்றின் மிச்சம் கழுத்தில் இருந்தது. தோண்டிப் புதைக்கும்போது ஆட்டுக்காரன் கதிரையில் இருந்து பார்த்தான். பிழை என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே பத்ரோனே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தான். என்மேல் இரக்கப்பட்டு வைத்தான் என்று மன்னார்ப் பிள்ளை சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாவுக்கட்டு வெட்ட இன்னும் ஒரு மாதம் இருந்தது, அதுவரை அந்த ஆடுகளைக் கூப்பிட நடக்கக்கூடிய வாய் ஒன்று அவனுக்குத் தேவைப்பட்டது. நான் நன்றி சொல்லவில்லை. குவெஸ்தூராவுக்கு அந்தக் கடதாசியோடு போனேன், பெர்மெசோ கிடைத்தது.

ஆட்டுக்காரன் அந்த நெருப்புக்குப் பிறகு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு நாள் தண்ணீரே கேட்கவில்லை. மூன்றாம் நாள் கட்டையால் கொட்டில் தகரத்தில் இரண்டு தடவை தட்டினான். அதற்குத் திரும்பினேன். தண்ணீர் கொடுத்தேன்.