வெள்ளிக்கிழமை வெளிச்சம்

அக்காவின் கடையைப் படுக்க வைத்தது தான்தான் என்ற முடிவுக்குச் சூழல் சார் வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. அதிபுத்திசாலிகளுக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

உணவகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் உள்ளலங்காரம் செய்து தருவது அவர் தொழில். வாயைத் திறந்தால், "சூழல்தாங்க முக்கியம், சாப்பாடெல்லாம் அப்புறம்" என்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன தச்சர் ஒருவர் வைத்த பெயர்தான் சூழல் சார். முதலில் கோபப்பட்டார், பிறகு அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டார்.

அக்கா இருபது வருட ஆசிரியை வேலையை விட்டுவிட்டு உணவகம் தொடங்கியபோது, "நீ சமையல மட்டும் பாருக்கா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டினார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். சுவருக்கெல்லாம் கறுப்பு அடித்தார். வாசலில் கட்டைவிரல் அளவு எழுத்தில் பித்தளைப் பெயர்ப்பலகை. தேடி வருகிறவன்தான் நல்ல வாடிக்கையாளன் என்பது அவர் கட்சி. இருபத்தைந்தாவது நிமிடம் இடுப்பு வலிக்கும்படி அளவெடுத்துச் செய்த முக்காலிகள். அப்போதுதான் சாப்பிட்டவர்கள் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவார்களாம். மேசைக்கு ஒரு விளக்கு, அதுவும் அழுது வடியும். மெனு கறுப்பு அட்டையில் சாம்பல் எழுத்து.

திறப்பு நாளன்று அக்கா முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கைப்பையை வைக்க இடமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு கை இதுக்கே போயிடுதேடா" என்றாள். அலமாரிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த கொக்கிகளை மேசைக்கு அடியில் வரிசையாக அடித்துக் கொடுத்தார். வரைபடத்தில் இல்லாத வேலை, பார்க்கவும் லட்சணமாக இல்லை. செய்த வேலைகளைப் புது வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் தன் தொழில் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் படம் எடுத்தபோது அவை தெரியாதபடி வெட்டிவிட்டார்.

அதற்குமுன் வருடத்துக்கு இரண்டு முறை அக்காவை எட்டிப் பார்த்தால் அதிகம். கடை வந்தபிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஆஜர். ஒவ்வொரு வெள்ளியும் கடையில் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "எப்படிக்கா போகுது?" என்பார். "போகுதுடா" என்பாள். சூழல் சார் நாடி பிடித்துப் பார்த்து, நோய் வெளிச்சம் என்று கண்டுபிடித்தார். விளக்குகளைக் குறைத்தார். கூட்டம் வரவில்லை. இன்னும் குறைத்தார். போன வாரம் அவரே சூப் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று துழாவி, அதை மடியில் கவிழ்த்துக்கொண்டார். சூடு தொடையில் இறங்கிய அந்த நொடியில் ஞானமும் சேர்ந்து இறங்கியது. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் சூழல் சொல்லித் தந்துவிட்டு, சொந்த அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று.

மூன்று நாள் தூக்கமில்லை. செவ்வாய்க்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். "தப்பு என்னுதுக்கா, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடலாம்." வழியெல்லாம் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடை வாசலில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஏதோ அசம்பாவிதம் என்று பதறி, விலக்கிக்கொண்டு உள்ளே நுழையப் போனார். "ஏங்க, வரிசையில வாங்க. எங்களுக்கெல்லாம் பசிக்காதா?" என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

உள்ளே டியூப் லைட் பளீரென்று எரிந்தது. சுவரில் மஞ்சள் துணி தொங்கியது. முக்காலி ஒன்றுகூட இல்லை. எல்லாரும் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எப்பவும் இப்படித்தான் கூட்டமா?" என்று பெரியவரிடம் கேட்டார்.

"கொக்கிக் கடைன்னா சும்மாவா? பைய மாட்டிட்டு நிம்மதியா உக்காரலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்துடாதீங்க. அந்தம்மா தம்பி ஒருத்தர் வருவாராம். அவருக்கு வெளிச்சம் ஆகாதாம், பாவம். கண்ணுல ஏதோ கோளாறு போல."

சூழல் சார் பாவமாகத் தலையாட்டினார். வேறு என்ன செய்வது?

அதற்குள் பரிமாறிக்கொண்டிருந்த மீசைக்காரர் அவரைப் பார்த்துவிட்டார். "அக்கா! வெள்ளிக்கிழமை வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே சுவிட்சைப் பார்த்து ஓடினார். கடை இருண்டது. பத்துத் தட்டுகளிலிருந்து "ஏய்!" என்று ஒரே சத்தம்.

"லைட்டப் போடுங்கய்யா!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் சூழல் சார்தான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், காப்பி அடித்து மாட்டிக்கொண்ட மாணவி மாதிரி. முக்காலிகள் பின் அறையில் பத்திரமாக இருப்பதாகவும், ஒன்றுக்கும் கீறல் இல்லை என்றும் தானாகவே சொன்னாள். பாடம் பண்ணி வந்த வசனம் அவருக்கு மறந்தே போயிற்று. கடை பிழைத்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் கண் கலங்கியது. வெட்கமும் பிடுங்கித் தின்றது.

"எட்டு மாசமா ஏன்கா சொல்லல?"

அக்கா மேசை விரிப்பை நீவிவிட்டாள். "நீ வாராவாரம் வந்தியேடா. சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

ஓரத்தில் ஒரு நாற்காலி காலியானது. தொழில் புத்தகம் இருந்த பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். சூப் வந்தது. கிண்ணம் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆகியும் இடுப்பு வலிக்கவில்லை.

மீசைக்காரர் வந்து பணிவாகக் குனிந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. வெளிய ஆளுங்க நிக்கிறாங்க. நீங்க வெள்ளிக்கிழமை வந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருங்க."