ஒண்ணும் துன்னல மேடம்

மனிதர்களைப் பார்க்கும் டாக்டரிடம் நோயாளியே பொய் சொல்வார்; எங்கள் தொழிலில் நோயாளி வாயைத் திறக்க மாட்டார், அவருக்கும் சேர்த்துக் கூட வந்தவர் பொய் சொல்வார்.

நான் டாக்டர் இல்லை. ஒரு கால்நடை டாக்டரம்மாவின் கிளினிக்கில் வாசல் மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவள். சித்தூரில் நாலு வருஷம், அவர் கிளினிக்கைத் திருப்பதிக்கு மாற்றிய பிறகு இங்கே மூன்று வருஷம். டாக்டரம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் கோபம் வந்தால் மட்டுமே பேசுவார். அதனால் சீட்டு எழுதுவது எனக்குப் பாதி வேலை, இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் மொழி மாற்றிச் சொல்வது மீதி வேலை.

சீட்டில் முதல் கேள்வி, 'என்ன சாப்பிட்டது?' இதற்கு நேரான பதில் வந்தால் வந்திருக்கும் ஜீவன் பிழைத்துக்கொள்ளும். வராவிட்டால் டாக்டரம்மாவைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். இத்தனை சின்னக் கேள்விக்கு ஏழு வருஷமாக எனக்கு ஒரு நேரான பதில் வந்ததில்லை. எந்த ஆபீஸிலாவது வாசல் மேஜையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு வயிறு கழுவும் சக பாவிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் புரியும்.

சாவி

சித்தூரில் இருந்தபோது குடிபாலாவிலிருந்து ஒருவர் ஆட்டோவில் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாட்டு நாய்தான், வாட்டசாட்டமாக இருந்தது. இரண்டு நாளாக வாந்தி. என்ன சாப்பிட்டது என்று கேட்டேன். "ஒண்ணும் துன்னல மேடம். சொம்மா படுத்துக்கினே கீது" என்றார். எலும்பு? துன்னல. பிளாஸ்டிக்? துன்னல. பால்? "அது துன்னல மேடம், குடிச்சிது." சரி, வேறு என்ன குடித்தது என்றால், "வேற எதுவும் குடிக்கல, துன்னவும் இல்ல" என்று சத்தியம் செய்கிற தோரணையில் நின்றார்.

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் நாயின் வயிற்றுக்குள் தெள்ளத் தெளிவாக ஒரு வண்டிச் சாவி, வளையத்தோடு. நான் படத்தைத் தூக்கி அவர் கண் முன்னால் காட்டினேன். மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "அய்யய்யோ, இந்தச் சாவிக்காவத்தான் நேத்து எம் மச்சான ஊட்ட வுட்டே தொரத்திட்டேன் மேடம்!"

உண்ணி

அடுத்தவரைக் குறை சொல்லிக்கொண்டே போனால் எப்படி? என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். குப்பத்திலிருந்து வந்து சித்தூரில் கிரானைட் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர், பொமரேனியன் ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று புசுபுசு ரோமம். அதற்குள் விரலை விட்டால் ஊரில் உள்ள உண்ணியெல்லாம் அங்கேதான் குடியிருந்தது. டாக்டரம்மா உள்ளே வேறொரு வேலையாக இருந்தார். இதைச் சொல்ல அவர் எதற்கு என்று நானே என் அரைகுறைத் தெலுங்கில், "உண்ணி சால உந்தண்டி, அந்தா தீசேயண்டி" என்று விளக்கினேன். நிறைய இருக்கிறது, அத்தனையும் எடுத்துவிடுங்கள் என்று அர்த்தம். அவரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

தெலுங்கில் உன்னி என்றால் கம்பளி, ரோமம். ரத்தம் குடிக்கிற பூச்சிக்கு அங்கே வேறு பெயர். இது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த விதம்தான் மானக்கேடு. அவர் மறுபடி வந்து மேஜைமேல் எதையோ வைத்தார். உரித்த கோழி என்று நினைத்தேன். அது என்னைப் பார்த்துக் குரைத்தது. காதுக்குள்ளும் கால் இடுக்கிலும் பூச்சிகள் மட்டும் சௌக்கியமாக இருந்தன. மனிதர் தனக்குத் தெரிந்த தமிழில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "நீங்க செப்பினாப்பலயே உன்னி அந்தா எடுத்துட்டேன்மா, உள்ள இருந்த பூச்சி மட்டும் போகமாட்டேங்குது, அதுக்கு ஏதாவது மருந்து இருக்குதா?"

டயட்

திருப்பதிக்கு வந்த பிறகு வாடிக்கையாளர் தரம் உயர்ந்தது. சென்னையிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த ஒரு இளம் தம்பதி. அவர்களிடம் ஒரு பக் நாய். கால் எது, வயிறு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத உருண்டை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. இப்படியே போனால் இதயம் தாங்காது என்று டாக்டரம்மா முன்னமே எச்சரித்து, என்ன கொடுக்கவேண்டும் என்று எழுதியும் கொடுத்திருந்தார்.

அந்தப் பெண் கையில் லேப்டாப்போடு வந்தாள். நாய் தின்றதை வேளைவாரியாக, கிராம் கணக்கில், கலர் கலராகப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். என் ஏழு வருஷ அனுபவத்தில் எழுத்து மூலமாகக் கிடைத்த முதல் பதில்! எழுந்து கும்பிடலாமா என்றுகூட நினைத்தேன். எடை போட்டால் போன மாதத்தைவிட ஒன்றரை கிலோ கூட. டாக்டரம்மா பட்டியலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் கணவன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நாய்க்கு ஒன்று போட்டான். அது எடைமேடையிலிருந்து இறங்கியதற்கு ஒன்று. என் பக்கம் திரும்பியதற்கு ஒன்று. சும்மா இருந்ததற்கும் ஒன்று. இது எதுவும் பட்டியலில் இல்லையே அம்மா என்று கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேம், அது சாப்பாடு இல்ல, மோட்டிவேஷன்."

போர்டு

இனிமேல் கேட்டுப் பயனில்லை, எழுதி மாட்டிவிடுவோம் என்று டாக்டரம்மா முடிவு கட்டினார். சாக்லேட், வெங்காயம், கோழி எலும்பு, எண்ணெயில் பொரித்தது, ஊசிப்போன குழம்பு, இவற்றை நாய்க்குப் போடாதீர்கள் என்று தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று எழுதி மாட்டினோம். எங்கள் அட்டெண்டர் ரெட்டெப்பா ஸ்டூல்மேல் ஏறி ஆணி அடித்தார். வயதான ஒரு அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். பார்த்தாயா, எழுத்துக்கு எத்தனை சக்தி என்று நான் ரெட்டெப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார்: "இதெல்லாம் போடக்கூடாதுன்னா, ஊட்ல மிஞ்சிப்போனத நாங்க யாருக்குமா போடறது?"

ததியோன்னம்

வரதன் மாமா கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். விடியற்காலையில் குளித்து, மடிவேஷ்டி கட்டி, யார் மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து போவார். பிள்ளை வெளிநாட்டுக்குப் போகும்போது தன் லாப்ரடாரைப் பெற்றவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். நாயின் பெயர் சிண்டு. ஆசார சீலமான அகத்தில் நாயா என்று தெருவே சிரித்ததாம். ஆறு மாதத்தில் சிண்டு இல்லாமல் அந்த வீட்டில் விளக்கு ஏற்றுவதில்லை என்ற நிலை வந்துவிட்டது.

அன்றைக்கு மாமாவும் மாமியும் சிண்டுவைக் கொண்டுவந்தபோது அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. ஓயாத வாந்தி. முந்தைய நாள் காலையிலிருந்து ஒண்ணுக்குப் போனது ஏதோ பேருக்குத்தான். ரத்தம் எடுத்துப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது, ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது, என்ன என்று கேள் என்றார். கேட்டேன். "நேத்திலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. அதுக்கு முன்னாடி ததியோன்னம்தான்" என்றார் மாமி. தயிர்சாதத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். எலி மருந்து? வீட்டில் கிடையாது. சாக்லேட்? கிடையவே கிடையாது. வெங்காயம் என்று கேட்டதும் மாமிக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்காத்துலயா? வெங்காயமா?" நான் எழுதினேன்: தயிர்சாதம். தயிர்சாதம் தின்று எந்த நாயும் இப்படிக் கிடந்ததில்லை என்று எனக்கே தெரியும். அவன் கண் செருகிக்கொண்டிருந்தது. கேட்க வேறு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அந்த இயலாமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

காத்திருந்த நேரத்தில் மாமி பையைத் திறந்து, "எடுத்துக்கோ அம்மாடி, பிரசாதம்" என்று லட்டு ஒரு விள்ளல் கொடுத்தார். கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டேன். மாமி மிச்சத்திலிருந்து திராட்சையை மட்டும் நகத்தால் நெம்பி எடுத்து, குனிந்து சிண்டுவின் வாயருகே நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பாத்தியோ! இதைக்கூட வேண்டாங்கறானே. எங்காத்துல யாருக்கும் திராட்சை பிடிக்காது. முந்தாநாள் சம்பந்தியாத்து மனுஷா அத்தனை பேரும் வந்திருந்தா. அவா பொறுக்கிப் போட்டதெல்லாம் இவன்தான் வாங்கிண்டான்" என்று அழுதார்.

டாக்டரம்மா ஓடிவந்து மாமியின் கையைத் தட்டிவிட்டார். அது நாய்க்கு விஷம் என்று சொல் என்றார் என்னிடம். நான் வாயைத் திறந்தேன். திருப்பதியில் நின்றுகொண்டு, கோயில் கைங்கர்யம் செய்கிறவரிடம், பிரசாதத்தையும் அந்த வார்த்தையையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது? "மாமா, லட்டுல ஒரு குத்தமும் இல்ல. நமக்கு ஒண்ணும் ஆகாது. திராட்சை மட்டும் நாய்க்கு ஒத்துக்காது, சிறுநீரகம் கெட்டுடும்" என்றேன். மாமா மாமியைத் திரும்பிப் பார்த்தார். இதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்றார். மாமி திகைத்துப்போய்ச் சொன்னார்: "அவ என்ன சாப்பிட்டான்னுன்னா கேட்டா? பிரசாதத்தைப் போய் யாராவது சாப்பிட்டான்னு சொல்லுவாளோ?"

மடி

டிரிப்ஸ் ஏற்றினோம். மூன்று நாளுக்குள் நன்றாக ஒண்ணுக்குப் போனால் பிழைப்பான், இல்லாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கோபம் வராமலே தமிழில் சொன்னார். அதிலேயே நிலைமை எங்களுக்குப் புரிந்துவிட்டது. மாமி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாமா கோயிலுக்குப் போகிற வழியில் தினமும் காலையில் மடியோடு கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே வந்து எதன் மேலாவது பட்டால் மறுபடி குளிக்கவேண்டும். "போனானா?" என்று எட்டியிருந்தே கேட்பார். இல்லை மாமா என்பேன். திரும்பிக் கோயில் பக்கம் நடந்துவிடுவார். இரண்டாம் நாள் அவர் முதுகைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ரெட்டெப்பா சிண்டுவை மெதுவாக வெளியே நடத்திக்கொண்டு வந்தார். கேட் திறந்திருந்தது. மரத்தடிக்கு இழுத்தால் அவன் வரவில்லை. தள்ளாடித் தள்ளாடி நேராக மாமாவிடம் போய், அவர் காலோடு ஒட்டி நின்றான். பிறகு ஒரு காலை அரைகுறையாகத் தூக்கினான். "அய்யோ சாமீ!" என்று ரெட்டெப்பா கயிற்றை இழுக்கப் போனார். "இழுக்காதே!" என்று மாமா போட்ட அதட்டலில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் காலை நகர்த்தவே இல்லை. வேஷ்டி முழங்காலிலிருந்து கரை வரை நனைந்தது. சிண்டு நிதானமாக முடிக்கும் வரையில் மூச்சுவிடாமல் நின்றார். பிறகு அத்தனை மடியோடும் அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நானும் அழுதேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. உள்ளே இருந்த மாமிக்குக் கேட்கும்படியாக மாமா கத்தினார்: "மடி போனா போறது போ, இவன் ஒண்ணுக்குப் போயிட்டான், இனிமே எங்கேயும் போகமாட்டான்!"

இப்போது எங்கள் சீட்டில் என்ன தின்றது, என்ன குடித்தது, எதை விழுங்கியது, எந்தப் பிரசாதம் வாங்கிக்கொண்டது என்று நாலு கேள்வி அச்சடித்திருக்கிறோம், நாலுக்கும் சேர்த்து ஜனங்கள் ஒரே கோடாக இழுத்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.