வடக்கே சூலம்

யுத்த காலத்தில் ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போக மூன்று வழி இருந்தது. காலை ரயிலைப் பிடித்து விருதுநகரில் மாறலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கரி பஸ் ஏறலாம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு ஓட்டினார்கள். இரண்டும் இல்லையென்றால் மாட்டு வண்டிதான். அதில் போய்ச் சேர்வதற்குள் போன காரியம் ஆறிப்போய்விடும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். பிள்ளை பிறந்தபோது லீவு கிடைக்கவில்லை. அது தவழ ஆரம்பித்த பிறகும் அப்பன் முகம் பார்த்ததில்லை. அப்போதுதான் அவருடைய படையிலிருந்த, பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர் லீவில் வந்து, எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"வார செவ்வாக்கிழமை சாயங்காலம் எங்க ஆளுக வண்டி மதுரை ஸ்டேஷன்ல செத்த நேரம் நிக்கும். பொறவு கப்பல்தான். புள்ளையக் கொண்டாந்து காட்டச் சொன்னான். வெளிய யார்ட்டயும் சொல்லிராதீக" என்றார்.

கப்பல் என்றால் கடல் தாண்டிச் சண்டைக்கு; திரும்பி வருவாரோ என்றுதான் எனக்குக் கவலை. என் மாமியாருக்கு அவர் ஒரே பிள்ளை. ஆனால் மாமியார் முகத்தில் தெரிந்த கவலையே வேறு. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். சூலம் உள்ள திசையில் பயணம் கிளம்பினால் காரியம் விளங்காது; சண்டைக்குப் போகிற மகனை அப்படிப் போய்ப் பார்ப்பதாவது!

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள் எங்கள் ஊரில். முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, பயண மூட்டையைக் கொண்டுபோய், போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் என்று பெயர். மூட்டை புறப்பட்டால் ஆளும் புறப்பட்ட கணக்கு. மறுநாள் போகிற போக்கில் அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். சாமியையே ஏமாற்ற நம் ஆட்களை விட்டால் ஆள் கிடையாது.

திங்கட்கிழமை மாமியார், மகனுக்கு வறுத்து இடித்த மாவும் பிள்ளையின் துணிகளும் வைத்துக் கட்டிய மூட்டையை, தெருவின் வடகோடியில் இருந்த தெலுங்குக்கார அம்மாள் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டோம். அந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. தளவாய்புரத்தில் ஒரு சாவு என்று விடியும் முன்பே கிளம்பிப் போயிருந்தாள் அந்த அம்மாள்.

"மூட்டை கெடக்கட்டும், வாங்க அத்தை. வண்டி வந்துரும்" என்றேன்.

"மூட்டைய விட்டுட்டுப் போனா நாம இன்னைக்குப் புறப்பட்டதா ஆயிரும்ட்டி. எம்மவன் கடல் தாண்டிப் போறான். நான் மாட்டேன்" என்று அந்த வாசலிலேயே நின்றுவிட்டார்.

கெஞ்சினேன். கத்தினேன். எதிர்வீட்டுக்காரி ஆளனுப்புகிறேன் என்றாள். தளவாய்புரத்துக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் மதுரை வண்டி கப்பலுக்கே போய்விடும். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையை மாமியார் கையில் திணித்துவிட்டு, எதிர்வீட்டு அம்மிக்குழவியை வாங்கிவந்து பூட்டில் போட்டேன். நாலைந்து போட்டில் கொண்டி பிய்ந்துகொண்டு வந்தது. தெருவே வாயைப் பிளந்து நின்றது. மாமியார் மட்டும் உள்ளே போய் மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். நாங்கள் தெரு முனை திரும்பும்போதே ரயில் ஊதிக்கொண்டு கிளம்பிவிட்டது.

குதிரை வண்டி ஒன்றைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விரட்டச் சொன்னேன். வழியில் நான் மாமியார் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

மதுரை பஸ் புறப்படத் தயாராக நின்றது. பின்னால் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது, உள்ளே மூச்சு விட இடமில்லை. கண்டக்டர் கதவை மறித்துக்கொண்டு, "ஒரு ஆளு ஏறலாம். புள்ளைய மடியில வச்சுக்கணும். ரெண்டாவது ஆளுக்கு அடுத்த பஸ்தான்" என்றார். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு, கரி வந்தால் வரும் என்றார்.

மாமியார் ஒரு கணம்தான் நின்றார். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்து, முதுகில் கை வைத்து ஏற்றியே விட்டார். மூட்டையையும் சன்னல் வழியாகத் திணித்தார்.

"நீ போயிட்டு வாட்டி. அவன் கேட்டது புள்ளையத்தான்" என்றார்.

காலையிலிருந்து அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்து, சன்னல் வழியே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த பஸ் பட்ட பாட்டை என்ன சொல்ல! கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு சின்ன மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கி, கிளீனர் அடுப்புக் காற்றாடியைச் சுற்ற, ஆண்கள் தள்ள, நான் பொரிகிற வெயிலில் பிள்ளையோடு நின்றேன். கல்லுப்பட்டியில் சாம்பலைத் தட்டிக் கரி போட்டார்கள். திருமங்கலத்தில் ரயில்வே கேட்டை மூடியிருந்தார்கள். தூரத்தில் வடக்கே மதுரைப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. அவர் வண்டிதான், போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். கிட்டே வந்ததும் பார்த்தால் வெறும் கூட்ஸ் வண்டி. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

மதுரையில் இறங்கி ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் தடுத்த போலீஸ்காரரிடம், "இந்தப் புள்ளையோட அப்பா உள்ள இருக்காவ" என்றதும் அவர் விலகிக்கொண்டார். உள்ளே பட்டாளத்து வண்டி நின்றுகொண்டிருந்தது. சன்னலுக்குச் சன்னல் காக்கிச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது. நான் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

சன்னல் வழியாக மூட்டையிலிருந்த மாவையும் பிள்ளையையும் வாங்கிக்கொண்டார். அது அவர் மீசையைப் பார்த்துவிட்டு வீறிட்டது. அவர் சிரித்தார், கன்னத்தோடு கன்னம் வைத்தார், பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டினார். அப்புறம் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அம்மா எங்க?"

பாதி வழியில், பஸ் நிற்கிற இடத்தில், ஒற்றையாக விட்டுவிட்டு வந்தேன் என்று கப்பல் ஏறுகிறவரிடம் எப்படிச் சொல்வேன்?

"வாசல்ல நிக்காவ. கூட்டத்துல நசுங்கிருவாவன்னு நாந்தான் நிப்பாட்டிட்டு வந்தேன்" என்றேன்.

ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, நெருக்கித் தள்ளிக்கொண்டு வண்டியின் கதவுக்கு வந்து, படியில் நின்று வாசலையே பார்க்க ஆரம்பித்தார். "எந்தப் பக்கம் நிக்காவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இங்க பாருங்க, புள்ளையப் பாருங்க" என்று நான் தூக்கித் தூக்கிக் காட்டினேன். வண்டி நகர்ந்தது. அப்போதும் அவர் எங்கள் தலைக்கு மேலேதான் பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினபோது மாமியார் அதே இடத்தில் இருந்தார். வீட்டுக்குப் போகவே இல்லையாம். ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"புள்ளையப் பாத்தானா?"

"பாத்தாவ அத்தை."

"என்னைக் கேட்டானா?"

"கேட்டாவ. வாசல்ல நிக்கீகன்னு சொல்லிட்டேன்."

மாமியார் என்னைத் திட்டவில்லை. பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அப்போ எம் புள்ள, வண்டி மறையுற வரைக்கும் அந்த வாசலத்தானட்டி பாத்திருப்பான்" என்றார்.

ஆமாம் என்றேன்.