ஐந்து தழும்பும் ஒரு டீயும்

கலபார் நகரத்து ஆசிரியை அத்திமுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் நடந்தது தங்கை மாயெனுக்கு மட்டும்தான் தெரியும். வயிற்றிலிருந்த ஐந்து தையல்களுக்கும் மருந்து போட்டவள் அவள்தான். முதலில் வடிகட்டிய சூப்பையும், பிறகு மசித்த கிழங்கையும் கரண்டி கரண்டியாக ஊட்டியவளும் அவளே. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பைபிள்மேல் சத்தியமும் செய்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாடகர் குழுப் பெண்கள் அத்திமைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒங்க தங்கச்சி விக்கிற டீயக் குடிச்சுத்தான் இப்படி எளைச்சீங்களாமே? விளம்பரத்துல ஒங்க போட்டோவத்தான் போட்டிருக்கா."

மாயென் அக்காவின் காதருகே வந்தாள். "ஆபரேஷனப் பத்தி நான் மூச்சே விடலக்கா."

கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது என்று அத்திமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள்.

"இந்த அஞ்சு ஓட்ட வழியாத்தான் ஊத்தினா அந்த டீய."