இன்ஜினுக்குப் போர்த்திய பனியன் துணி

முப்பது வருட மெக்கானிக் தொழிலில் இசக்கிமுத்துவைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, முதலிபாளையத்தில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவன். பழைய டீசல் கார் ஒன்று வைத்திருந்தான். மார்கழிப் பனியில் அது லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஹீட்டர் பிளக் போய்விட்டது, மாற்று என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"எதுக்கு நாச்சிமுத்து அண்ணாச்சி? போர்வை போத்துனா சரியாப் போவும்" என்று சிரித்தான்.

கம்பெனியில் வெட்டிக் கழித்த பனியன் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து, தினமும் இன்ஜின் மேல் போர்த்திவிட்டுப் படுப்பான். காலையில் வண்டியும் கிளம்பியது. நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவன் மனைவி அனுசுயாவுக்குப் பிள்ளை தங்கியிருந்தது. மார்கழி நடுவில் ஒரு விடியற்காலை வலி கண்டது. சொந்த வண்டி இருக்க ஆம்புலன்ஸ் எதற்கு என்று ஏற்றினான். அன்றைக்கென்று முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. ஆம்புலன்ஸை வரவழைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. பெண் குழந்தை. அழவே இல்லை.

வண்டியை நான்தான் கட்டி இழுத்து வந்தேன். பனியன் துணி சுற்றிக்கொண்டு, இன்ஜினைக் குளிர வைக்கும் ஃபேன் பெல்ட் கழன்று கிடந்தது.

"அறிவிருக்குதாடா உனக்கு? துணிய எடுக்காம வண்டிய எடுப்பியா?" என்று கத்தினேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "துணின்னு அவகிட்ட சொல்லிராதிய அண்ணாச்சி. தெனமும் காலையில அத எடுக்கது அவதான்."

பெல்ட்டில் சுற்றியிருந்த துணியை உருவிக் குப்பையில் போட்டேன்.

பத்து நாள் கழித்து, ஹீட்டர் பிளக்கை மாற்றச் சொன்னான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வேலை முடித்து வண்டியை விடப் போனபோது அனுசுயா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு வலியில துணிய எடுத்தேனான்னு நெனப்பே இல்ல அண்ணாச்சி. எடுத்திருந்தேனா?"

"எடுத்துட்டே கண்ணு. மடிச்சு ஓரமா வெச்சிருந்துச்சு. பெல்ட்டுதான் பழசு, அத்துப்போச்சு."

இசக்கிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். பால் கட்டிய மார்பை முந்தானையோடு அழுத்திக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள்.

"நான் எல்லாம் சரியாத்தான செஞ்சிருக்கேன். பெறகு எம்புள்ள ஏன் அண்ணாச்சி போனா?"